பூன் வீட்டுத் தம்பி

யாவ் மா டே, ஹாங்காங்
12 ஜனவரி 1980

மதிப்புக்குரிய கிட்யிங் அக்காவுக்கு,

தம்பி மாக் தின்போ முஷ்டியை உள்ளங்கையில் சேர்த்து, குனிந்து வணங்கி எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? குளிர் வந்தால் இடது முழங்கை குடையும் என்பீர்கள், இப்போதும் உண்டா? இங்கே நான் சுகம்.

என்னைத் தெரிகிறதா என்று கேட்கமாட்டேன். வாசலில் பசியோடு நின்ற அநாதைப் பயலை, "முதல்ல கஞ்சியக் குடி. அப்புறம் எங்கப்பாகிட்ட குத்து கத்துக்கலாம்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தவர் நீங்கள். உங்கள் அப்பா எனக்கு ஆசான் ஆனார், நீங்கள் அக்கா ஆனீர்கள். நாற்பத்தெட்டில் பிழைப்புத் தேடி மக்காவுக்குப் படகேறினேன். அதன்பின் எல்லை அடைபட்டது. கடிதம் போட முடியாத காலமும் இருந்தது, போடத் துணிவில்லாத காலமும் இருந்தது.

போன மாதம் ஷிவானுக்குப் பீங்கான் வாங்கப் போன ஒரு வியாபாரியிடம் உங்களை விசாரிக்கச் சொன்னேன். திரும்பி வந்து, "ஓட்டுச் சூளையில இருந்த பூன் அக்காதானே? நாக்கா அது, சாட்டை! உன் பேரச் சொன்னதுக்கு என்னைத் திட்டித் தீத்துருச்சு" என்றார். சரியான ஆளிடம்தான் போயிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

இங்கே மொட்டை மாடியில் சின்னதாக ஒரு பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் யுன்ஹா சட்டைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். நம் பூன் வீட்டுக் குத்துவரிசைக்குப் பிறகு இன்னும் நான்கு வீடுகளில் கற்றேன்: ஹுங் வரிசை, சோய் லே ஃபட், வெண்புருவம், ஃபூஜியான் வெண்கொக்கு. ஆயுள் முழுக்க அதிலேயே போயிற்று.

ஒரே ஒரு வேண்டுகோள். இப்போது ரயில் நேராகக் குவாங்சோவுக்கு வருகிறது. ஏப்ரலில், சிங்மிங் அன்று எல்லோரும் முன்னோர் சமாதியைப் பெருக்கும்போது, நானும் வந்து ஆசானுக்குத் தேநீர் வைத்து மண்டியிட வேண்டும். அனுமதி தாருங்கள்.

தங்கள் தம்பி,
தின்போ


ஷிவான், ஃபோஷான்
3 பிப்ரவரி 1980

தம்பி தின்போவுக்கு,

அக்கா எழுதுவது. பல் போய்விட்டது, நாக்கு போகவில்லை. முழங்கை குடையத்தான் செய்கிறது. நீ சாப்பிடுகிறாயா? சின்ன வயதில் வெறும் வயிற்றில் தடி சுற்றிவிட்டு மயங்கி விழுவாயே, அதனால் கேட்கிறேன்.

நீ செத்துவிட்டாய் என்று ஒருவன் சொன்னதை நம்பி, ஒரு வருடம், செத்தவர்கள் திரும்பி வரும் பேய் மாதத்தில் உனக்குக் காகிதப் பணம் கொளுத்தினேன். வந்து சேர்ந்ததா?

என் புருஷன் இறந்து வெகுகாலம் ஆயிற்று. பிள்ளை இல்லை. ஓட்டுத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒண்டியாக ஓர் அறை, வாசலில் இரண்டு தொட்டிச் செடி. காலையில் நம் வரிசையை ஒருமுறை செய்துவிட்டுத்தான் வாய் கொப்பளிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி, "இந்த வயசுல எவன அடிக்கப் போறீங்க?" என்கிறாள். "உன்னத்தான். தயாரா இரு" என்றேன்.

நான்கு வீடா! எங்கள் வீட்டுச் சோறு உனக்குப் போதவில்லையா?

அப்பாவின் சமாதி நன்றாக இருக்கிறது. ஆனால் ஏப்ரலில் இங்கே ஓயாத மழை, குன்றுப் பாதை வழுக்கும். உனக்கும் வயதாகிவிட்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


யாவ் மா டே
20 பிப்ரவரி 1980

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யுன்ஹாவைக் கூப்பிட்டு, "பாரு, உங்க அத்தை திட்டுது" என்று வாசித்துக் காட்டினேன். "திட்டுனதுக்கா இப்படிச் சிரிக்கிறீங்க?" என்றாள். முழங்கைக்கு எண்ணெயும் ஒரு டப்பா பிஸ்கட்டும் வியாபாரியிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

சோறு போதவில்லையா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல முப்பத்தொரு வருடமாகக் காத்திருக்கிறேன்.

மக்காவ் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். அங்கே பாவ் என்ற ஹுங் வரிசை ஆசான் கூலிகளுக்குக் கற்றுக்கொடுப்பார். தினமும் போய் ஓரமாக நின்றேன். ஒருநாள் அவர், "என்னடா திருடன் மாதிரி கண்ணாலயே எடுத்துட்டுப் போற? கத்துக்கணும்னா மண்டி போடு. இல்லேன்னா நடையக் கட்டு" என்றார். ஓர் ஆசான் உயிரோடு இருக்க, அவர் உத்தரவில்லாமல் இன்னொருவர் காலில் விழுவது, தகப்பன் இருக்க வேறு தகப்பனைத் தேடுவது போல. எனக்குத் தெரியும். இருந்தும், அவர் தோளைத் திருப்பிய விதத்தில் நம் ஆசானின் தோள் தெரிந்தது, அக்கா. ஊரை விட்டு வந்து அத்தனை நாளில் நான் பார்த்த முதல் சொந்த முகம் அதுதான். மண்டியிட்டுவிட்டேன்.

அதன்பின் கால் நிற்கவில்லை. எங்கே எந்த வரிசையைப் பார்த்தாலும் அதில் நம் வீட்டுச் சாயல் இருக்கிறதா என்று தேடினேன்.

பாவ் ஆசானிடம் நான் சேர்ந்த செய்தி ஃபோஷானுக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன். அப்போது ஆசான் என்னைப் பற்றி என்ன சொன்னார்? எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். இந்த வயதில் தாங்கிக்கொள்வேன்.

தம்பி
தின்போ


ஷிவான்
16 மார்ச் 1980

தம்பிக்கு,

எண்ணெய் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் கேட்கிறது. பிஸ்கட்டைத் தேநீரில் ஊறவைத்துத் தின்கிறேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்று கொடுத்தேன். அன்றிலிருந்து என்னை அடிக்கடி நலம் விசாரிக்கிறாள்.

இந்த ஊர் இப்போது மாறிவிட்டது. கடைத்தெருவில் மறுபடியும் வாத்து வறுக்கிறார்கள். சிங்க நடனப் பயல்கள் பழைய சிங்கத் தலையைப் பரணிலிருந்து இறக்கி ஒட்டுப்போடுகிறார்கள். என்னைக் கூப்பிட்டுப் பறை அடியைச் சரிபார்க்கச் சொன்னார்கள். "பறை அடிக்கிறீங்களா, பாத்திரம் கழுவுறீங்களாடா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

தாழ்ந்த குதிரை நிலையில் நிற்கும்போது உன் பின்பக்கம் வாத்து மாதிரித் தூக்கிக்கொள்ளும். நான்கு ஆசான்களில் ஒருவராவது அதைத் திருத்தினாரா?

இங்கே ஊரெல்லாம் காய்ச்சல். நீ இப்போது வராதே. அக்டோபரில் சுங் யூங் வருகிறது, அதுவும் சமாதிக்குப் போகும் நாள்தானே. வெயில் காய்ந்திருக்கும். அப்போது பார்க்கலாம்.

அக்கா


யாவ் மா டே
2 ஏப்ரல் 1980

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். காய்ச்சல் உங்களை அண்டாமல் இருக்க வேண்டும். நான் சுகம்.

வாத்து அப்படியேதான் இருக்கிறது. யாராலும் திருத்த முடியவில்லை.

அக்டோபர் தூரமாகத் தெரிகிறது. மே மாதம் வந்தால் என்ன? விசேஷ நாள் இல்லாவிட்டாலும் ஆசான் கோபிக்கமாட்டார். மொட்டை மாடிப் பள்ளியை மூடிவிட்டேன். பையன்களை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். தடிகளும் கத்திகளும்கூட அவரிடமே. வேறு ஒன்றுமில்லை, படி ஏற முழங்கால் மறுக்கிறது. அதனால் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

நான் கேட்ட இன்னொன்றுக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. அவசரமில்லை.

தம்பி
தின்போ


ஷிவான்
28 மே 1980

தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கண் கொஞ்சம் மங்கல். மற்றபடி இருக்கிறேன். முழங்காலுக்கு இஞ்சியை வறுத்து ஒத்தடம் கொடு. பள்ளியை ஏன் மூடினாய்? முழங்கால் வலித்தால் உட்கார்ந்து திட்டலாமே. அப்பா கடைசி வருடங்களில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்.

மே மாதம் முடியாது. ஆற்றுப் பாலம் பழுதுபார்க்கிறார்கள், பேருந்து சுற்றிப்போகிறது. சமாதியைப் பற்றிக் கவலைப்படாதே. சிங்மிங்குக்கு நான் போய்ப் புல் வெட்டி, கல்லைத் துடைத்து, உன் பேரிலும் ஒரு கோப்பைத் தேநீர் வைத்தேன். நீ வந்த மாதிரிதான். அதனால் அலைய வேண்டாம்.

சுங் யூங்குக்கும் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தின்போ. செத்தவர்களுக்கு எங்கிருந்து கும்பிட்டாலும் ஒன்றுதான்.

உன் எழுத்து ஏன் இப்படிச் சரிகிறது?

அக்கா


ஹாங்காங்
9 ஆகஸ்ட் 1980

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணங்கி எழுதுவது. நான் சொல்ல யுன்ஹா எழுதுகிறாள். கையில் கொஞ்சம் பலக்குறைவு, வேறொன்றுமில்லை. (அத்தை, நான் யுன்ஹா. வணக்கம். "வேறொன்றுமில்லை" என்று இரண்டுமுறை எழுதச் சொன்னார், ஒருமுறை எழுதியிருக்கிறேன்.)

நான் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஐம்பத்தெட்டில், ஃபூஜியானிலிருந்து வந்த சியா என்ற கிழவரிடம் சேர்ந்தேன். அவருக்குச் சவப்பெட்டிக் கடையில் தச்சு வேலை. சவப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுதான் வெண்கொக்கு கற்றுக்கொடுப்பார். "எடம் இல்லேன்னு சொல்லாதே. உள்ள படுத்திருக்கிறவனுக்கு இதவிட எடம் கம்மி" என்பார். ஒருநாள் முழங்கையை உள்வாங்கித் திருப்பும் ஓர் அடவைக் காட்டினார். நம் ஆசான் கதவைச் சாத்திக்கொண்டு நம் இருவருக்கு மட்டும் காட்டுவாரே, அதே அடவு! தோள் ஹுங் வீட்டிலிருந்து, முழங்கை ஃபூஜியானிலிருந்து. வருடக்கணக்காக மற்ற வீடுகளிலும் தேடிச் சரிபார்த்தேன். அக்கா, நம் ஆசானும் பல வீட்டுச் சோறு தின்றவர்தான். சந்தேகமே இல்லை. அதை அவரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும், மண்டியிட்டு.

ஊர் திரும்பும் அட்டை வாங்கிவிட்டேன். சுங் யூங் அன்று வருகிறேன். வேண்டாம் என்று எழுதாதீர்கள்.

தம்பி
தின்போ

அத்தை, இதற்குக் கீழே நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. அவர் மருத்துவமனையில் இருக்கிறார். ஈரலில் புற்று. ஜனவரியிலேயே தெரியும்; அது தெரிந்த வாரம்தான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினார். "அக்காவுக்குச் சொன்னே, பொண்ணுன்னும் பாக்கமாட்டேன்" என்று மிரட்டியிருக்கிறார். அக்டோபர் வரை தாங்குமா என்று மருத்துவர் சொல்லவில்லை. ஏதோ காரணத்தால் நீங்கள் அவரை வரவிடாமல் செய்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அது என்னவானாலும், "வா" என்று ஒரு வரி எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

யுன்ஹா


ஷிவான்
23 ஆகஸ்ட் 1980

என் தம்பி தின்போவுக்கு,

வா. இன்றே வா. மழையாவது பாலமாவது, எல்லாம் பொய். உன்னால் நடக்க முடியாவிட்டால் குவாங்சோ ரயிலடிக்கு வந்து நான் முதுகில் தூக்கிக்கொண்டு வருகிறேன். நான் அங்கே வரவும் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு முன்னால் அனுமதிக்கு ஊரே காத்து நிற்கிறது.

நீ வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் சமாதி இல்லை. குன்றே இல்லை.

அறுபத்தொன்பதில் அந்தக் குன்றில் நல்ல களிமண் இருக்கிறது என்று எங்கள் தொழிற்சாலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சமாதிக்காரர்கள் எலும்பை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஆனால் எடுத்தவர்களைக் கூட்டத்தில் நிறுத்தி, மூடநம்பிக்கைக்காரர்கள் என்று கத்தினார்கள். நான் ஏற்கெனவே குத்துவாத்தியார் மகள் என்று கழுத்தில் அட்டை மாட்டி நின்றவள். என் புருஷன், "பேசாம இரு, கிட்யிங். செத்தவருக்காக ரெண்டு பேரும் சாக வேணாம்" என்றார். பேசாமல் இருந்தேன். மண் வண்டி வண்டியாக எங்கள் முற்றத்துக்கே வந்தது. அதை மிதித்துப் பிசைந்தவர்களில் நானும் ஒருத்தி. காலில் ஏதாவது தட்டுப்படுமா என்று பயந்து பயந்து மிதித்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் எந்த வீட்டுக் கூரையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

முப்பத்தொரு வருடம் கழித்து மண்டியிட வருகிறவனிடம் இதை எப்படிச் சொல்வேன்? மகளாக இருந்து நான் காப்பாற்றவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

நீ கேட்ட மற்றதற்கும் பதில். மக்காவ் செய்தி வந்த அன்று அப்பா சுவரில் மாட்டியிருந்த சீடர்களின் மரப் பெயர்ச் சில்லுகளில் உன்னுடையதைக் கழற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பின் சாகும்வரை உன் பெயரை அவர் சொல்லவே இல்லை. நீ கண்டுபிடித்தது சரி. அவரும் இளவயதில் இரண்டாவது ஆசானிடம் சேர்ந்ததற்காக முதல் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர். அம்மா சொல்லியிருக்கிறாள். தன்னை வேறு யாரும் அப்படி விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. அவர் இறந்த பிறகு, வேறு சில்லு செதுக்கி, உன் பெயரை என் கையால் எழுதி, பழைய இடத்தில் மாட்டினேன். அறுபத்தாறில் பழையதையெல்லாம் கொளுத்தச் சொன்னபோது அதுவும் நெருப்புக்குப் போயிற்று.

இனி உன்னிடம் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வா.

அக்கா


ஹாங்காங்
2 அக்டோபர் 1980

அன்புள்ள அத்தைக்கு,

யுன்ஹா வணங்கி எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள். அப்பா செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி, நடு இலையுதிர் விழா முடிந்த இரண்டாம் நாள் காலை, போய்விட்டார். வலி இருந்தது, ஆனால் கடைசியில் அடங்கிவிட்டது.

உங்கள் கடிதம் அவர் உயிரோடு இருக்கும்போதே வந்தது. கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தேன். குன்று இல்லை என்ற இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். அவர் கண்ணை மூடியபடியே சிரித்தார்.

"தெரியும்மா" என்றார்.

"என்னப்பா தெரியும்?"

"எழுபத்திரண்டுல ஷிவான்லேருந்து ஒருத்தன் கடல நீந்தி வந்தான்ல, நம்ம மாடியில படுத்திருந்தானே, அவன் சொன்னான். குன்ற வெட்டி ஓடு சுட்டுட்டாங்கன்னு."

"அப்புறம் ஏம்ப்பா சமாதி சமாதின்னு எழுதுனீங்க?"

"உங்க அத்தைய எனக்குத் தெரியாதா? 'உங்களப் பாக்கணும் அக்கா'ன்னு எழுதுனா, 'என்னடா சாகப் போறியா'ன்னு அடுத்த தபால்ல கேட்டுரும். ஆசான் பேரச் சொன்னா மறுக்காதுன்னு நெனச்சேன். பாவம், அந்தப் பேர வெச்சே அக்காவ மாட்டிவிட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் பொய் எழுதறப்போ எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்!"

பெயர்ச் சில்லு பற்றி எழுதியிருந்ததை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். ஆசான் பேசவில்லை என்றதற்கு முகம் வாடியது, மறைக்க மாட்டேன். பிறகு, "அக்கா எழுதி மாட்டுச்சா?" என்றார். "ஆமாம்ப்பா." "அதே எடத்துலயா?" "அதே எடத்துலன்னுதான் எழுதியிருக்காங்க."

உடனே கிளம்பச் சொன்னார். பெட்டி எடுத்து வைத்தேன். மருத்துவர், ரயிலில் ஏற்றினால் எல்லையைத் தாண்டமாட்டார் என்றார். அப்பா கட்டில் விளிம்பில் எழுந்து உட்கார்ந்து, செருப்புக்குள் காலை நுழைத்தார். நிற்க முடியவில்லை. ஐந்து வீட்டுக் குதிரை நிலை கற்ற மனிதர், அத்தை. என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை.

அவர் சாம்பல் என்னிடம் இருக்கிறது. நான்கு வீட்டுச் சீடர்களும் வந்து, தங்கள் தங்கள் ஆசான்கள் பக்கத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

யுன்ஹா


ஷிவான்
17 அக்டோபர் 1980

அன்பு மகள் யுன்ஹாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? இரண்டையும் விடாதே.

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரி வாசித்தாள். என் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. கண் மங்கலால் அல்ல.

ஒன்பது மாதம் இருந்தது எங்களுக்கு. ஜனவரியிலேயே நான் வா என்று எழுதியிருந்தால், ரயிலில் நாலு மணி நேரம். அவன் நடந்தே வந்திருப்பான். எனக்கு வெட்கம் பெரிதாக இருந்தது. அதற்குள் அவன் காலம் போய்விட்டது. இதை யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வேன்? அவனிடம்தான் சொல்ல வேண்டும், அவன் இல்லை.

இன்று சுங் யூங். காலையில் குன்று இருந்த இடத்துக்குப் போனேன். இத்தனை வருடத்தில் முதல்முறை. இப்போது அது பெரிய பள்ளம், தண்ணீர் தேங்கி யாரோ வாத்து வளர்க்கிறார்கள். கரையில் நின்று பூன் வீட்டு வரிசையை முதலிலிருந்து கடைசிவரை செய்தேன். முழங்கை அடவையும் சேர்த்துத்தான். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு காட்டியதை வெட்டவெளியில் செய்தேன். வாத்துக்காரன், "யாருக்கும்மா காட்டுறீங்க?" என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

அங்கிருந்து நேராக ஊர்ச் சாம்பல் மண்டபத்துக்குப் போனேன். என் புருஷன் சாம்பல் இருக்கும் மாடத்துக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு மாடம் இருக்கிறது. அதை உன் அப்பாவுக்கு எழுதித் தரச் சொன்னேன். அங்கிருந்த எழுத்தர் சின்னப் பையன், நல்ல பையன்தான்.

"செத்தவர் உங்களுக்கு என்ன உறவும்மா?"

"தம்பி."

"நீங்க பூன். அவரு பேரு மாக்னு இருக்கே."

"அதனால என்ன?"

"ஒரே வயித்துத் தம்பியா? சித்தப்பா மகனா? சரியாச் சொன்னாத்தான் எழுத முடியும்."

"எழுது. பூன் வீட்டுத் தம்பி."

"அப்படி ஒரு உறவு இதுல இல்லையேம்மா."

"இப்ப இருக்கு" என்றேன். என் முகத்தைப் பார்த்தான். எழுதினான்.

உனக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு வா. ரயிலடியில் நிற்பேன். எலும்பும் தோலுமாக, நீலச் சட்டையில், பல்லில்லாத ஒரு கிழவி. உன் மடியில் அவன் இருப்பான் என்பதால் ஓடிவந்து கட்டிக்கொள்ளமாட்டேன். முதலில் அவனை வாங்கிக்கொள்கிறேன். பிறகு உன்னை.

அத்தை
கிட்யிங்